ஒன்பது வெள்ளைக் கேன்கள்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் நான் கெமிக்கல் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கார் கழுவும் கடைக்கு எங்கள் பக்கம் வாட்டர் சர்வீஸ் என்றுதான் பெயர். வாசல் பலகையில் 'கார் ஸ்பா' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை முதலாளியைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொறுப்பு என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டடிக்கு ஆறடி அறை, ஒரு ஜன்னல், இரண்டு இரும்பு அலமாரி, ஒரு சாவி. அந்தச் சாவி என் இடுப்பில் தொங்கும். அவ்வளவுதான் என் அதிகாரம்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது. மெஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், என்னை விட்டுவிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வீட்டில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மிக்சி ஓடினால் குறை சொன்னேன். காய்கறி வண்டிக்காரரோடு தராசைப் பற்றித் தகராறு செய்தேன். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரே நாளில் பதினொரு செய்தி போட்டேன். குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நாலாவது மாதம் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"எங்கயாவது போய் உக்காருங்க. சம்பளம் குடுக்காட்டியும் பரவாயில்ல. நான் டிபன் கட்டித் தர்றேன்."

அதனால் இந்த வேலை எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். இது போனால் மறுபடியும் மிக்சிதான்.

முதலாளி என்னை வேலைக்கு எடுத்தபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "கெமிக்கல் எல்லாம் பாத்தா தெரியுமா சார்?"

"பாக்கவே வேண்டாம். மூடியைத் திறந்தா மூக்கே சொல்லிடும்" என்றேன்.

ஒரு காலத்தில் அது உண்மைதான். எஸ்டேட்டில் கண்ணை மூடிக்கொண்டு தின்னர் எது, டர்பன்டைன் எது என்று சொல்லிப் பந்தயத்தில் டீ ஜெயித்திருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை முதலாளியிடம் சொன்ன நாளில் என் மூக்கு செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கொரோனாவில் போனது. எல்லோருக்கும் பத்துப் பதினைந்து நாளில் திரும்பி வந்த வாசனை, எனக்கு மட்டும் வழி மறந்து எங்கேயோ நின்றுவிட்டது. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மாநகராட்சிக் குப்பை லாரியும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், நாலு பேர் 'அடடா' என்பார்கள். மூக்கு போய்விட்டது என்றால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குத் தாங்காது. மனைவி சாம்பாரை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான், "வாசனை தூக்குது" என்பேன். தினமும் இதே வசனம்தான்.

வேலையில் சேர்ந்த அன்று கெமிக்கல் அறையைத் திறந்து பார்த்து வெலவெலத்துப் போனேன். சக்கரத்தின் கறையை எடுக்கும் ஆசிட் ஒரு குளிர்பான பாட்டிலில் இருந்தது, யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த அளவில். இன்ஜின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் மருந்து குடிதண்ணீர் பாட்டிலில். தரைப் பாசிக்குப் போடும் ப்ளீச்சிங் திரவம் கடலை எண்ணெய் டின்னில். ஷாம்பு ஊறுகாய் ஜாடியில். ஜாடியில் மாங்காய்ப் படம் அப்படியே இருந்தது.

"யாராவது எடுத்துக் குடிச்சா யார் பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

கார் கழுவுபவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பூந்தமல்லிக்காரர், பதினெட்டு வருடமாக இதே வேலை. மூத்தவர் என்றே அவரை இங்கே சொல்கிறேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "யாரு சார் குட்ப்பாங்க? எது எதுல கீதுன்னு எங்களுக்குத் தெர்யும்ல" என்றார்.

"புதுசா வர்றவனுக்கு?"

"புச்சா யாரு சார் வரா இந்த வேலைக்கு? நீதான் வந்துகீற."

அடுத்த வாரமே எல்லாவற்றையும் தூக்கிக் கடாசினேன். ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஒன்பது வெள்ளைக் கேன் வாங்கினேன். ஸ்டோர்ஸ்காரன் புத்தி அப்படி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒவ்வொன்றிலும் லேபிள். கொட்டை எழுத்தில் பெயர், கீழே சிவப்பில் எச்சரிக்கை. ஆசிட் இடது அலமாரியின் கீழ்த்தட்டில், ப்ளீச்சிங் வலது அலமாரியில். அந்த இரண்டும் கலந்தால் விஷ வாயு கிளம்பும், மூச்சே நின்றுபோகலாம் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். கையுறை போடாமல், கண்ணாடி போடாமல் உள்ளே வரக் கூடாது. மருந்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை மருந்தில் ஊற்றக் கூடாது. காலையில் கடை திறந்ததும் எல்லோரையும் நிற்க வைத்து இதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி முணுமுணுப்பார்கள். எனக்கு 'லேபிள் சார்' என்று பெயர் வைத்தார்கள். கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

எல்லோரும் என்னை ஒழுங்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு லேபிள் இல்லாவிட்டால் ஆசிட்டும் தண்ணீரும் ஒன்று.

இதில் ஒரு பெருமையும் இருந்தது. இந்தப் பழக்கம் என் வீட்டிலும் தொற்றிக்கொண்டிருந்தது. ஃபிரிஜ்ஜைத் திறந்தால் மாவு டப்பாவின் மேல் 'செவ்வாய் அரைத்தது' என்று என் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். பால் பாத்திரத்தில் 'இன்று காலை', ரசத்தில் 'நேற்று'. கேஸ் கசிந்தால் கூவும் கருவி ஒன்றைக்கூடச் சமையலறையில் மாட்டியிருந்தாள், பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று. புருஷனைப் பார்த்து ஒழுங்கு கற்றுக்கொண்டாள் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள், அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மூத்தவர் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டுப் போனேன். மறுநாள் சாயங்காலம் மனைவி கட்டிக் கொடுத்த சுண்டலோடு கடைக்கு வந்தேன்.

வாசலில் வாழைக்கன்று. சிமெண்ட் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பிரஷர் பம்புக்கு ரோஜா மாலை. தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயை வட்டமாகச் சுற்றி, நடுவில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் என் ஒன்பது கேன்களும் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தன. கீழே நாலு, அதன்மேல் மூன்று, உச்சியில் இரண்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் பட்டையாக மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. பால் மாதிரி வெளுத்து மின்னின.

லேபிள் ஒன்றுகூட இல்லை.

"லேபிள் எங்கய்யா?" என்றேன்.

மூத்தவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஒரே அழுக்கா இர்ந்துச்சி சார். சாமிக்கு வெக்கிறத அப்டியேவா வெப்பாங்க? வாட்டர் கன்ன வெச்சி ஃபுல் பிரஷர்ல அட்ச்சேன். பேப்பர் போய்ச்சி, பசை போவல. தின்னர் ஊத்தித் தொட்ச்சேன். இப்ப பாரு, ஒரு பிசுறு கீதா?"

பிசுறு இல்லைதான். பதினெட்டு வருடம் காரைக் கழுவியவருடைய கை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரே சொல்லும். மூக்கு செத்த பிறகும் கோபம் மட்டும் அங்கேயே குடியிருக்கிறது. ஆனால் அன்று கோபத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. அந்தக் கோபுரத்தில் ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தன, எது எது என்று தெரியாமல். ஒரு கேனைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"சார், சார்! பூஜைல வெச்ச சாமானை இன்னிக்குத் தொடக் கூடாது" என்று முதலாளி ஓடி வந்தார். "நாளைக்கு விஜயதசமி. நாளைக்கு எடுத்துக்கலாம்."

அவர் கற்பூரத் தட்டைக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டினார். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு ஒரு வயது போனது. பிறகு சாம்பிராணி போட்டார்கள், புகை மண்டியது. மூத்தவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "வாசனை தூக்குது சார்" என்றார். காரின் உள்பக்கம் துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சேக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டு வருவார். கோபுரத்துக்குப் பூச்சரம் கட்டியது அவர்தான். அவரும், "நல்ல சாம்பிராணி" என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் கடையில் நின்றேன். மற்றவர்கள் பண்டிகைக்கு லீவு போட்டிருந்தார்கள், வேலைக்கு வந்தது மூத்தவரும் அக்காவும்தான். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், அதற்குள் முதல் கார் கழுவி முடிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. முதல் கார் அவருடையதேதான், வாங்கி மூன்று மாதம் ஆன வெள்ளைக் கார். வெள்ளானூரில் புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் போய் வந்து சக்கரம் நான்கும் கறுத்துக் கிடந்தன.

கேன்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். மூன்றில் ஷாம்பு, அதன் கெட்டியும் ரோஸ் நிறமும் தெரிந்தன. ஒன்றில் டயர் பாலிஷ், பால் மாதிரி இருக்கும். ஆக நாலு கேனுக்குப் பெயர் கிடைத்தது. மீதி ஐந்தும் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவு. ஆசிட், பிசுக்கு மருந்து, ப்ளீச்சிங் இந்த மூன்றும் அந்த ஐந்துக்குள் எங்கேயோ இருந்தன. சப்ளையருக்குப் போன் போட்டேன். கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார்.

"திங்கள் வரைக்கும் இந்த அஞ்சையும் யாரும் தொடக் கூடாது. இன்னிக்கு ஷாம்பு மட்டும் போட்டுக் கழுவுவோம்" என்றேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

முதலாளி இருபதடி தள்ளி, வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சக்கரம் கறுப்பா இருந்தா விஜயதசமிக்கு விளங்குமா சார்? நீங்கதான் மூக்காலேயே சொல்லுவேன்னீங்களே. மூடியைத் திறங்க, சொல்லுங்க. இதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கு?"

மூத்தவர் முதல் கேனின் மூடியைத் திறந்து மரியாதையாக என் முன்னால் வைத்தார். அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று பேர் என் மூக்கையே பார்த்தார்கள். எனக்கு மிக்சிச் சத்தம் காதில் கேட்டது.

எந்தக் கேனையும் நேராக முகரக் கூடாது என்று சுவரில் நானே எழுதியிருந்தேன். அதனால் கையை விசிறி காற்றைக் கொஞ்சமாக என் பக்கம் தள்ளினேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. புருவத்தைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, "ம்... ஆசிட்" என்றேன்.

மூத்தவரும் ஒரு தடவை விசிறிப் பார்த்தார். "ஆசிட்டேதான் சார்." அக்காவும் முகத்தைச் சுளித்து, "ஆமாம், காட்டமா இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. குருட்டாம்போக்கில் அடித்தது பட்டுவிட்டது என்று நினைத்தேன். மூத்தவர் அதில் ஒரு குவளை ஊற்றி மேடையில் வைத்துவிட்டு, கேனை வரிசையில் தள்ளிவிட்டு, பிரஷ் எடுக்கத் திரும்பினார்.

இரண்டாவது கேன். "பிசுக்கு மருந்து" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். அதை அக்காவின் பக்கம் நகர்த்தினேன், கதவு விளிம்பின் கிரீஸ் துடைக்க.

மூன்றாவது கேனை எடுத்தபோது அதன் மஞ்சள் பட்டையில் ஒரு கட்டை விரல் ரேகை தெரிந்தது. குங்குமம் அதிலிருந்து வால் மாதிரி ஒழுகியிருந்தது. இதே ரேகையை, இதே வாலைக் கொஞ்சம் முன்னால்தான் பார்த்தேன். இது முதல் கேன். வரிசையில் தள்ளியதில் மறுபடி என் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கையை விசிறினேன், யோசிப்பதுபோல் நின்றேன்.

"இது ப்ளீச்சிங்" என்றேன்.

"ப்ளீச்சிங்தான் சார்! சொன்னா மாரி மூக்கு எரியுது பாரு" என்றார் மூத்தவர்.

"அதே வாடைதான்" என்றார் அக்கா.

ஒரே கேன், இரண்டு பெயர், இரண்டுக்கும் மூன்று பேர் சாட்சி. திரும்பிப் பார்க்கிறேன், அக்கா கையுறை போட்டு, கண்ணாடி போட்டு, தன் பக்கத்துக் கேனைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். அவர் எதிரே மூத்தவர் ஊற்றி வைத்த குவளை. மூத்தவர் ஊற்றியதை அவர் கவனிக்கவில்லை, தெளிவாக இருந்ததால் தண்ணீர் என்று நினைத்துவிட்டார். 'மருந்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும்' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றப் போனார். தினமும் காலையில் நான் சொல்ல வைத்த வாக்கியம். அந்தக் கடையில் என் விதியை முழுசாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான், அந்த விதியாலேயே சாகப் போகிறார். குவளையில் என்ன, கேனில் என்ன என்று அந்த நிமிடம் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். "எனக்கு மூக்கே கிடையாது! கொரோனாலயே போச்சு! நான் சொன்னது எல்லாம் பொய்!"

அக்கா கேனைத் தடாலென்று கீழே வைத்தார். கொஞ்சம் தளும்பிக் கேனின் வயிற்றில் வழிந்தது.

முதலில் மூத்தவர்தான் பேசினார். "எனக்குந்தான் சார்" என்றார். "பத்து வர்சமா ஒண்ணும் தெர்ல. அந்த ஆசிட்டு ஆவி மூஞ்சில பட்டுப் பட்டு பூட்ச்சி. சொன்னா வேலைலேந்து தூக்கிடுவாங்கன்னு கம்னு இர்ந்துட்டேன்."

"அப்ப நேத்து சாம்பிராணி?"

"பொக கண்ணுல தெர்ஞ்சிச்சி, சொன்னேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குச் சைனஸ், சார். ஆபரேஷன் பண்ணியும் வரல. நீங்க ரெண்டு பேரும் சொன்னா சரியா இருக்கும்னுதான் தலையாட்டினேன்."

வாசலைப் பார்த்தோம். கடையில் மீதி இருந்த மூக்கு முதலாளியுடையது. அவர் கைக்குட்டையால் அதைப் பொத்தியிருந்தார். "என்னை ஏன் பாக்கறீங்க? எனக்கு அந்த நாத்தமே ஒத்துக்காது, வாந்தி வரும். அதுக்குத்தானே ஆள் வெச்சேன்!"

நாலு பேர் இருக்கும் இடத்தில் வேலை செய்கிற மூக்கு ஒன்று. அது கெமிக்கல் அறைப் பக்கமே வந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை. முதலாளி கைக்குட்டையை எடுக்காமலேயே அடுத்த கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார். மூக்கு இல்லாம எனக்கு எதுக்கு ஸ்டோர்ஸ்காரர்?"

இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினேன். இருபதடி நடந்து போய் அவர் கையில் வைத்தேன். மறுபடியும் பத்திலிருந்து ஆறு வரை வீடு. மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாதாவே!" என்று பின்னால் அக்கா அலறினார்.

அவர் கீழே வைத்த கேனில் மருந்து வழிந்த இடத்தில் மஞ்சள் பட்டை இரத்தச் சிவப்பாக மாறியிருந்தது. அக்கா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். மூத்தவர் இரண்டு எட்டு பின்வாங்கி, "சாமி குத்தம் சார். நேத்து பூஜைல இன்னாவோ தப்பாய்ச்சி" என்றார். முதலாளி கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

எனக்கு மட்டும் அந்தச் சிவப்பை எங்கேயோ பார்த்த ஞாபகம். தாம்பாளம், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம்.

"இது ரத்தம் இல்ல. ஆரத்தி" என்றேன்.

"இன்னா சார் சொல்ற?"

"ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குது? மஞ்சத்தூள்ல சுண்ணாம்பைப் போட்டா சிவக்கும். சுண்ணாம்பு காரம். அப்ப இந்தக் கேன்ல இருக்கிறதும் காரம். ஆசிட்டா இருந்தா மஞ்சள் மஞ்சளாவே இருக்கும்."

அக்காவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அட ஆமாம். எங்க ஊட்லயும் கல்யாணத்துக்குச் சுத்துவோமே. நான்தான் கரைப்பேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து மங்கி மங்கி, கடைசியில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, கேனின் வெள்ளைதான் மிச்சம். காரமாகவும் இருந்து, நிறத்தையும் தின்கிற திரவம் எங்கள் அறையில் ஒன்றுதான். ப்ளீச்சிங்.

குவளையை யாரையும் தொட விடாமல் தள்ளி வைத்தேன். பிறகு எல்லாரையும் கையுறையும் கண்ணாடியும் போட வைத்தேன். சாவி போனாலும் கத்துகிற உரிமை போகவில்லை என்பதுபோல் கத்தினேன். கேன்களை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வெளியே காற்றோட்டத்தில் வைத்தோம். அக்கா ஒரு வெள்ளைத் துணியை ஐந்து துண்டாகக் கிழித்து மஞ்சளில் நனைத்தார். ஒவ்வொரு கேனுக்கும் தனித் துணி, தனிக் குச்சி, ஒரு சொட்டு. இரண்டு துணி சிவந்து சிவப்பாகவே நின்றன: பிசுக்கு மருந்து. ஒன்று சிவந்து வெளுத்தது. இரண்டு மஞ்சளாகவே இருந்தன. அவற்றிலிருந்து ஒரு சொட்டைச் சிமெண்ட் தரையில் விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது: ஆசிட். அந்த இரண்டில் ஒன்றில் கட்டை விரல் ரேகையும் குங்கும வாலும் இருந்தன.

அப்படியென்றால் குவளையில் இருந்தது ஆசிட். நான் குருட்டாம்போக்கில் சொன்னது சரி. அக்கா அதில் ஊற்றப் போனது ப்ளீச்சிங். அது நான் 'பிசுக்கு மருந்து' என்று பெயர் வைத்து அவர் பக்கம் நகர்த்தியது. அக்கா குவளையை ஒரு தடவை பார்த்தார், கேனை ஒரு தடவை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்னை மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

"நானுந்தான் மூக்கு இருக்கிற மாதிரி நடிச்சேன்" என்றார் அவர். "உங்கள மட்டும் எப்படிச் சொல்றது?"

பத்து இருபதுக்குள் முதலாளியின் கார் கழுவி முடிந்தது. சக்கரம் நான்கும் பளபளத்தன. அவர் இறங்கி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன். மூத்தவர் குறுக்கே வந்தார்.

"ஓனரே, ஒண்ணு சொல்றேன். இவருக்கு மட்டும் மூக்கு இர்ந்திருந்தா, இவரும் எங்கள மாரி மோந்து பாத்துட்டுப் பூட்டிருப்பாரு. இல்லாததாலதான் லேபிளு ஒட்னாரு. இந்த மாரி ஆளுதான் அந்த ரூமுக்கு வோணும்."

முதலாளி குனிந்து ஒரு சக்கரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சாவியை என் சட்டைப் பையில் போட்டார். "பெயிண்ட்ல எழுதுங்க சார். அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வரும்."

பெயிண்ட்டில் எழுதினோம். ஆசிட்டுக்குச் சிவப்பு மூடி, ப்ளீச்சிங்குக்கு நீல மூடி, பிசுக்கு மருந்துக்குக் கறுப்பு. மூத்தவருக்குப் படிக்கக் கொஞ்சம் சிரமம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அதனால் மூடிக்கு நிறம் வைத்தது அவர் யோசனை. அது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கிளம்பும்போது மூத்தவர் கேட்டார். "ஊட்டம்மாவுக்குத் தெர்யுமா சார்?"

தெரியாது என்றேன்.

"சொல்லிடு சார். கேஸு கீது, பாலு கீது. ஊடு இன்னும் டேஞ்சரு."

வீட்டுக்குப் போனேன். மனைவி சாம்பாரை ஊற்றிவிட்டு வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தாள். வாசனை தூக்குது என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வாசனை தெரியாது. கொரோனாலேர்ந்தே தெரியாது" என்றேன்.

அவள் கரண்டியை வைத்தாள். "இப்பவாவது சொன்னீங்களே."

"உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அந்த மாசம், திரிஞ்ச பாலுல போட்ட காபியைக் குடிச்சுட்டு வாசனை தூக்குதுன்னீங்க. அன்னிக்கே தெரியும். ரெண்டு வருஷமா சாம்பாருக்குப் பெருங்காயமே போடல நான். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"ஏன் நீ கேக்கல?"

"கேட்டா கோவப்படுவீங்க. அதுக்கு எழுதி ஒட்டுறது சுலபம்."

தண்ணீர் எடுக்க எழுந்து போய் ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். செவ்வாய் அரைத்தது. இன்று காலை. நேற்று. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எஸ்டேட்டை விட்டு வருவதற்கு முன்பே, கடையில் ஒரு லேபிள்கூட ஒட்டுவதற்கு முன்பே, அவள் எனக்காக ஒட்டத் தொடங்கியிருக்கிறாள். கதவைத் திறந்தபடி எல்லாச் சீட்டையும் முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில், மற்றதைவிடப் பெரிய எழுத்தில், 'இது கெட்டுப்போச்சு, சாப்பிடாதீங்க' என்று இருந்தது.

"அதைக் கொட்ட மறந்துட்டேன்" என்றாள் உள்ளேயிருந்து. "சாம்பார் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். "வாசனை தெரியல."